ஏ கம்பி மட்டும் முழங்குகிறது: வார்ப்பு வீட்டு மாடியறையில் கிட்டார் ஒலிப்பதிவு

தக்கலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகே புதிதாகக் கட்டிய எங்கள் வார்ப்பு (கான்கிரீட் கூரை) வீட்டின் மாடியறையில், கடந்த மூன்று மாதங்களாகக் கிட்டார் ஒலிப்பதிவு செய்ய முயன்று வருகிறேன். எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்கு, சிறுவயதில் கோவில் பாடகர் குழுவில் கற்ற ஞானப்பாட்டுகள் இன்றும் மனப்பாடமாக இருக்கின்றன. அவருடைய குரல் நன்றாக இருக்கும்போதே அவற்றை என் கிட்டாருடன் சேர்த்துப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அறை 3.2 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. தரை வழுவழுப்பான டைல்ஸ். சுவர்கள் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தவை. ஒரு நாற்காலியையும் மேசையையும் தவிர உள்ளே வேறொன்றும் இல்லை. கைதட்டினால் தகரத்தைச் சுண்டியதுபோல ஒரு நடுக்கம் கேட்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை என்னவென்றால், ஏ கம்பியைத் தொட்டாலே அறை முழுவதும் முழங்குவதுதான். பதிவைக் கேட்டால் ஏ கார்டு வரும் இடங்களில் மட்டும் யாரோ தவிலைத் தட்டியதுபோல இருக்கிறது. ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி ஓர் அங்குலக் கனமுள்ள கறுப்பு ஃபோம் சதுரங்கள் 24 வாங்கி ஒட்டினேன். கம்பிகளின் பளபளப்பு போய்விட்டது. முழக்கம் அப்படியே இருக்கிறது.

இப்போதுள்ள கண்டன்சர் மைக்கை விற்றுவிட்டு விலை கூடிய ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். குறை மைக்கிலா, அறையிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முட்டம் கடற்கரை

சகோதரரே, எங்கள் ஊர்ப் பையன்கள் முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டிப் பாடல்களைப் பதிகிறார்கள். செலவு குறைவு என்பதால் அதை முதலில் செய்து பார்க்கலாமே? தெர்மோகோலும் மலிவாகக் கிடைக்கிறது.

கோட்டாறு ஒலிப்பதிவு

தக்கலைத் தம்பிக்கு வணக்கம். மைக்கை விற்க வேண்டாம். பாடகர் குழுக்களின் பாடல்களை வீடுகளிலும் கோவில் அறைகளிலும் இருபது ஆண்டுகளாகப் பதிந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அறையின் அளவை வாசித்தபோதே ஏ கம்பிதான் முழங்கும் என்று எனக்குத் தோன்றியது.

காரணத்தை விளக்குகிறேன். நம் ஊர் வெப்பமான 30 டிகிரியில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது. இதை 3.2 மீட்டரால் வகுத்தால் 109 வருகிறது. அதாவது 109 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, எதிரெதிரே நிற்கும் உங்கள் இரு சுவர்களுக்கு இடையில் சரியாக அடங்கி, போகவும் வரவும் தன்னைத்தானே வலுப்படுத்திக்கொண்டு நிலை அலையாக நின்றுவிடுகிறது. கிட்டாரின் ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ். அறை சதுரமாக இருப்பதால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அதே அதிர்வெண் இரண்டு முறை சேர்கிறது. உயரவாக்கில் 116 வருகிறது, அதுவும் பக்கத்தில்தான். பெரிய உடல் கொண்ட கிட்டார்களில் உள்ளிருக்கும் காற்றின் சொந்த ஒத்ததிர்வும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். இவை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் எந்த மைக்கும் அதைத்தான் பதியும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏ கம்பியை விரல் வைக்காமல் திறந்தும், தடித்த ஈ கம்பியின் 5ஆம் பிரெட்டிலும் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) அதே சுரத்தை வாசியுங்கள். இரண்டும் முழங்கினால், கிட்டாரை எடுத்துக்கொண்டு மட்டுப்பாவுக்கு (மொட்டைமாடிக்கு)ப் போய் வாசியுங்கள். அங்கே முழக்கம் மறைந்தால் குற்றம் முழுக்க அறையுடையது. மறையாமல் குறைந்தால் கிட்டாருக்கும் பங்கு உண்டு.

அடுத்ததாக, நீங்கள் அறையின் நடுவில் நாற்காலியைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சுவரை விட்டு விலகி இருப்பது நல்லது என்று தோன்றுவதால் அது இயல்பே. ஆனால் நான் சொன்ன நிலை அலையின் அழுத்தம் சுவர்களின் அருகிலும் அறையின் நட்டநடுவிலும் உச்சமாக இருக்கிறது. சுவரிலிருந்து நீளத்தில் கால் பங்கு தூரத்தில், அதாவது உங்கள் அறையில் 80 சென்டிமீட்டரில், அது அநேகமாக இல்லாமல் போகிறது. ஆகவே ஒரு மூலையில் சேரும் இரு சுவர்களிலிருந்தும் 80 சென்டிமீட்டர் அளந்து, கிட்டாரும் மைக்கும் அந்த இடத்தைச் சுற்றி அமையும்படி நாற்காலியை மாற்றிப் போடுங்கள். உயரவாக்கில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது: உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் தரையிலிருந்து ஏறக்குறைய 75 சென்டிமீட்டரில் இருக்கும், அது 3 மீட்டரின் கால் பங்கு.

ஃபோம் ஏன் உதவவில்லை என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. நுண்துளைப் பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அதன் கனமும் பின்னால் விடும் காற்றிடைவெளியும் சேர்ந்து அலைநீளத்தின் கால் பங்கை எட்ட வேண்டும். 109 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கால் பங்கு 80 சென்டிமீட்டர். சுவரோடு ஒட்டிய ஓர் அங்குல ஃபோம் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக வேலை செய்யும். மேலிருப்பதை மட்டும் உறிஞ்சிக் கீழிருப்பதை விட்டுவிட்டதால்தான் உங்கள் கிட்டார் மந்தமாகவும் அதே நேரத்தில் முழக்கமாகவும் கேட்கிறது.

முட்டம் சகோதரர் சொன்ன முட்டை அட்டைக்கும் இது பொருந்தும். அது மெல்லிய காகிதக்கூழ். நடு அதிர்வெண்களில் கொஞ்சம் மாற்றம் செய்யும், அவ்வளவுதான். தெர்மோகோல் மூடிய செல்களால் ஆனது என்பதால் காற்று உள்ளே நுழையாது, ஒலியும் அடங்காது. இரண்டுமே எளிதில் தீப்பற்றக்கூடியவை. மின்கம்பியும் சூடாகும் கருவிகளும் இருக்கும் அறையின் சுவர்களில் அவற்றை ஒட்டுவதை நான் யாருக்கும் அனுமதிக்க மாட்டேன்.

தக்கலைக்காரன்

அண்ணாச்சி அவர்களுக்கு மிக்க நன்றி. மூன்று மாதமாகப் புரியாதது இன்று மாலை புரிந்தது. மட்டுப்பாவில் வாசித்தபோது ஏ கம்பி மற்றக் கம்பிகளைப் போலவே ஒலித்தது. பிறகு அறையின் மூலையில் ஒலிபெருக்கி ஒன்றை வைத்து, 109 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, சுவரிலிருந்து நடுப்பகுதியை நோக்கி நடந்தேன். சுவரோரம் காதை அழுத்திய ஒலி, நீங்கள் சொன்ன 80 சென்டிமீட்டர் அருகே விலகிப்போய், நடுவில் மீண்டும் பெருகியது. நான் இத்தனை நாளும் நாற்காலி போட்டிருந்தது அந்த நடு இடத்தில்தான்.

இடத்தை மாற்றியபின் முழக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் கைதட்டும்போது வரும் தகர நடுக்கமும், குளியலறையில் வாசிப்பது போன்ற கார்வையும் அப்படியே இருக்கின்றன. மைக்கை 1 மீட்டர் தள்ளி வைத்துப் பதிகிறேன். அருகே கொண்டுவந்தால் ஒலி இயற்கையாக இருக்காது என்று எங்கோ படித்திருந்தேன்.

கோட்டாறு ஒலிப்பதிவு

நல்ல அறையில் அந்த அறிவுரை சரியானது. உங்கள் அறையில் அது எதிராகவே வேலை செய்யும். கிட்டாரிலிருந்து நேரே வரும் ஒலியும் அறையில் சுற்றித்திரியும் ஒலியும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. வெற்று வார்ப்பறையின் கார்வை, அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம், ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், உங்கள் அறையின் 30 கன மீட்டருக்கு அந்தத் தூரம் 26 சென்டிமீட்டர்தான். முன்புற ஒலியையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் பின்புற ஒலியைத் தள்ளிவிடுவதால் அது சுமார் 45 சென்டிமீட்டர் வரை நீளும். 1 மீட்டரில் வைத்தால் கிட்டாரைவிட அறையைத்தான் அதிகம் பதிகிறீர்கள்.

தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிட்டாரும் மைக்கும் 75 சென்டிமீட்டர் உயரத்தில் 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால், டைல்ஸில் பட்டு வரும் ஒலி 80 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, 217 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியுடன் எதிராக மோதி, அங்கே ஏறக்குறைய 7 டெசிபெல் பள்ளத்தை உண்டாக்கும். ஜி கம்பியின் 2ஆம் பிரெட் சுரம் 220 ஹெர்ட்ஸ். அது மெலிந்து கேட்டிருக்க வேண்டும். மைக்கை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தரையொலி ஒப்பீட்டில் மிகவும் தணிந்து, பள்ளம் 2 டெசிபெல் அளவுக்குச் சுருங்கிவிடும். தரையில் ஜமக்காளம் விரிப்பதால் இந்தப் பள்ளம் நிரம்பாது. தூரத்தைக் குறைப்பதே வழி.

கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, 12ஆம் பிரெட்டின் எதிரே 30 சென்டிமீட்டரில் வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைக்க வேண்டாம். காற்றின் முழக்கம் அங்கிருந்துதான் வெளிவருகிறது. அதைவிட நெருங்கினால் கார்டியாய்டு மைக்கின் இயல்பால் கீழ் அதிர்வெண்கள் மீண்டும் வீங்கும்.

குலசேகரம் ரப்பர்த்தோட்டம்

கார்வையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று, வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். இன்றும் நாம் பயன்படுத்தும் கார்வைக் கணக்கு அந்த மெத்தைகளில் இருந்துதான் பிறந்தது. ஆகவே மெத்தையைக் கொண்டு அறையைத் திருத்துவதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

அந்தக் கணக்கின்படி, தக்கலை நண்பரின் அறைக்குக் கார்வை அரை வினாடி அளவுக்கு இறங்க வேண்டுமானால், ஒலியை முழுமையாக உறிஞ்சும் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். பூசிய சுவரும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்பதால் வெற்று அறை நமக்கு ஏறக்குறைய ஒன்றும் தராது. நான் செய்தது இது: ஆறடிக்கு நாலடி இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிமிர்த்தி வைத்தேன். சுவரோடு ஒட்டி வைத்தால் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். தள்ளி வைத்தால் இரு பக்கமும் உழைக்கும். மூன்றாவதாக, ஈத்தாமொழிப் பக்கம் வாங்கிய கயிற்றுநார்த் தடுக்குகளை நான்கு அடுக்காக மரச்சட்டத்தில் அடித்து, சுவர் மூலையில் சாய்த்து வைத்தேன். தென்னைநார் நல்ல நுண்துளைப் பொருள். நமக்கு வீட்டுவாசலிலேயே கிடைப்பதை விட்டுவிட்டு ஃபோமைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்கின்றன. ஆனி மாதத்தில் சுவரோடு ஒட்டியிருந்த மெத்தையின் பின்புறம் பூஞ்சணம் பிடித்து, ஐப்பசியில் கயிற்றுநார்ச் சட்டத்தின் அடியில் கரையான் ஏறிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்திக் கட்டைமேல் வைத்து, வெயில் கிடைக்கும் நாள்களில் வெளியே எடுத்துக் காயவைக்கிறேன்.

மார்த்தாண்டம் மாணவி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் தங்கிப் படிக்கிறேன். ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். மெத்தை வைத்தால் லாரிச் சத்தம் நின்றுவிடுமா? விசிறியை நிறுத்தினால் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. ஓடவிட்டால் பதிவில் அலை அலையாக ஒரு இரைச்சல் வருகிறது.

கோட்டாறு ஒலிப்பதிவு

தங்கையே, நில்லாது. இது பலரும் குழம்பும் இடம். உள்ளே பிறக்கும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதை மெத்தை குறைக்கும்; வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பதற்குக் கனமான சுவரும் இடைவெளியின்றி அடையும் கதவும் சன்னலும்தான் வேண்டும். கதவின் அடியில் விரல் நுழையும் இடுக்கு இருந்தாலே போதும், லாரி உள்ளே வந்துவிடும். பழைய துணியைச் சுருட்டி அந்த இடுக்கை அடையுங்கள். மீதியை நேரம் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும். விசிறியை நிறுத்தி, ஒரு தடவைக்கு ஒரு பாடலின் ஒரு பகுதியை மட்டும் பதிந்து, இடையில் விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெப்பம் ஏறினால் கம்பிகளின் சுருதியும் நழுவும் என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் சுருதி பாருங்கள்.

ஆணி இல்லாமலேயே அறையைத் திருத்தலாம். துணிகள் நிறைந்த அலமாரியின் இரு கதவுகளையும் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முதுகைக் காட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்டியாய்டு மைக் தன் முன்னால் இருப்பதைக் கேட்கிறது. அதன் முன்னால் இருப்பது நீங்களும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரும். மைக்கின் பின்னால் வளைவாக வைக்கும் கேடயங்களைப் பலர் வாங்குகிறார்கள். மைக் ஏற்கெனவே கேட்காத பக்கத்தையே அவை பெரும்பாலும் மறைக்கின்றன. முதலில் மென்மையாக்க வேண்டியது வாசிப்பவரின் முதுகுப்புறம்.

பூதப்பாண்டி ஓட்டுவீடு

இத்தனை பாடுபடுவதற்குப் பதிலாக ஒரு பழைய ஓட்டு வீட்டைத் தேடிப் போகலாம் என்பது என் கருத்து. எங்கள் தாத்தா காலத்து வீட்டில் கூரை சரிந்திருப்பதால் தரைக்கு இணையான மேற்பரப்பு இல்லை. படுக்கையறையின் மேல் போட்டிருக்கும் மரப்பலகைத் தட்டுக்கு மேலே காற்றிடம் இருக்கிறது. மெல்லிய பலகையும் அதன் பின்னால் அடைபட்ட காற்றும் சேர்ந்து கீழ் அதிர்வெண்களை ஓரளவு விழுங்கிவிடும். நெல் பத்தாயம் ஒரு பக்கம், மரப்பெட்டி ஒரு பக்கம் என்று சுவர்களும் வெறுமையாக இல்லை. அங்கே எதையும் தொங்கவிடாமல் பதிந்த கிட்டார், வார்ப்பறையில் எல்லாம் செய்து பதிந்ததைவிட உயிருள்ளதாக இருக்கிறது. அதோடு, அறையை ஒரேயடியாக ஊமையாக்குவதை நான் ஏற்கவில்லை. சற்றுக் கார்வை இருந்தால்தான் கிட்டார் கிட்டாராக இருக்கும்.

குலசேகரம் ரப்பர்த்தோட்டம்

ஓட்டு வீட்டின் ஒலியை நானும் விரும்புகிறேன். ஆனால் ஓடு வெளியொலியைத் தடுக்காது. மழைக்காலத்தில் நாஞ்சில் நாட்டு வயல்களின் தவளைகள் இரவு முழுவதும் பதிவில் இருக்கும். ஊமை அறையைப் பற்றி மாறுபடுகிறேன். சிறிய அறையின் கார்வை இனிமையான கார்வை இல்லை. அதைப் பதிந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. உலர்ந்த பதிவில் வேண்டிய கார்வையைக் கணினியில் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

கோட்டாறு ஒலிப்பதிவு

இருவர் சொல்வதும் அவரவர் அறைக்குப் பொருந்தும். தக்கலைத் தம்பியின் அறை சதுரம், தாழ்வு, கடினம். அங்கே உலர்த்துவதே சரி. ஆனால் மெல்லிய திரைகளால் உலர்த்தினால் மேல் அதிர்வெண்கள் மட்டும் சாகும். கனமான பொருள் கொஞ்ச இடத்தில் இருப்பது, மெல்லிய பொருள் எல்லா இடத்திலும் இருப்பதைவிட மேல். ஒட்டிய ஃபோமில் முக்கால் பங்கை எடுத்துவிடுங்கள். அமைதியான இரவு கிடைத்தால் சன்னலைத் திறந்து வைத்தும் பதிந்து பாருங்கள். சபைன் உறிஞ்சும் ஆற்றலுக்கு அலகாக எடுத்துக்கொண்டதே திறந்த சன்னலைத்தான், ஏனெனில் அதில் நுழைந்த ஒலி திரும்பி வருவதில்லை.

முட்டம் கடற்கரை

என் முட்டை அட்டை யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பையன்களிடமும் தீ அபாயத்தைச் சொல்லிவிட்டேன். கடலோரத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது என்கிறார்கள்; எங்கள் வீட்டு மானி 75க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மேற்பலகை ஈரம் குடித்து உப்பினால் கம்பி பிரெட்டைவிட்டு உயர்ந்து ஒலி அடைத்துக்கொள்ளும். அப்போது அறையை எவ்வளவு திருத்தினாலும் பயன் இல்லை. கிட்டாரைப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, பதியும் நேரத்தில் மட்டும் வெளியே எடுக்கிறேன். கண்டன்சர் மைக்கும் ஈரத்தில் பொரிவது போன்ற சத்தம் எழுப்பும். அதையும் அப்படியே மூடி வைக்கிறேன். உப்புக் காற்றில் வெண்கலக் கம்பிகள் விரைவில் கறுத்துவிடுவதால், பூச்சுள்ள கம்பிகளே எங்களுக்குக் கட்டுபடியாகின்றன.

தக்கலைக்காரன்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஃபோம் சதுரங்களில் 18ஐ எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்த இரண்டு பஞ்சு மெத்தைகளில் ஒன்றை என் முதுகுக்குப் பின்னாலும் மற்றொன்றை இடப்பக்கச் சுவரின் முன்னாலும், ஓரடி தள்ளி, கட்டைமேல் நிமிர்த்தி வைத்தேன். எதிர் மூலையில் கயிற்றுநார்த் தடுக்குச் சட்டம் ஒன்றைச் சாய்த்தேன். மைக் 12ஆம் பிரெட்டுக்கு எதிரே, சாண் ஒன்றரைத் தூரத்தில் இருக்கிறது. கைதட்டினால் தகர ஒலி இல்லை. 109 ஹெர்ட்ஸ் அருகே இன்னும் சிறிதளவு மீதி இருந்ததால், மென்பொருளில் அந்த இடத்தை மட்டும் ஒடுக்கமாக 3 டெசிபெல் குறைத்தேன். இடத்தை மாற்றாமல் இதை முதலில் செய்திருந்தால் 10 டெசிபெல் வெட்ட வேண்டியிருக்கும், கிட்டாரின் அடிவயிறே போயிருக்கும்.

நேற்று இரவு பத்து மணிக்குமேல், விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து வைத்து, அம்மாவை மெத்தைக்கு முன்னால் உட்காரவைத்து முதல் பாட்டைப் பதிந்தோம். பதிவைக் கேட்ட அம்மா, தன் குரல் நடுங்குவது இப்போதுதான் தனக்கே தெரிகிறது என்றார்கள். மறுபடி பாடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி ஒரு ஐயம். குரலையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் இரு மைக்குகளில் பதிந்தால், கிட்டார் மைக்கில் அம்மாவின் குரல் நுழைகிறது. தனித்தனியாகப் பதிந்தால் அவர்களால் தாளத்தோடு சேர முடியவில்லை.

கோட்டாறு ஒலிப்பதிவு

தனித்தனியாகப் பதிய வேண்டாம், தம்பி. அவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே பாடட்டும். கார்டியாய்டு மைக் தன் முதுகுப்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே கிட்டார் மைக்கின் முதுகு அம்மாவின் வாய்ப்பக்கமாகவும், குரல் மைக்கின் முதுகு உங்கள் கிட்டார்ப் பக்கமாகவும் இருக்கும்படி எதிரெதிரே உட்காருங்கள். ஒவ்வொரு மைக்கும் தன் ஒலிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அதைப்போல மூன்று மடங்காவது மற்ற மைக்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். நீங்கள் 30 சென்டிமீட்டரில் பதிவதால் இரு மைக்குகளுக்கும் இடையில் 90 சென்டிமீட்டர் விட்டால் போதும். உங்கள் இரண்டாவது மெத்தையை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மாற்றி வையுங்கள். மீதி நுழைவது நுழையட்டும். நல்ல இடத்தில் பிடித்த நுழைவொலி பாட்டைக் கெடுக்காது. அடுத்த பாட்டைப் பதிந்ததும் இங்கே சொல்லுங்கள்.